கார் பிரேக் கலிப்பர் வீட்டில கழற்றிப் பூட்டினவங்க, நடந்ததைச் சொல்லுங்க

கல்லடியிலிருந்து:

கொரோலா 121. முன் இடப்பக்கச் சில்லு கை வைக்க ஏலாத சூடு, கருகின மணமும் வருது. கலிப்பருக்கு, அதுதான் பிரேக் பேட்டை டிஸ்க்கில அமத்திப் பிடிக்கிற பகுதிக்கு, சீல் கிட் (உள் றப்பர்) போட்டு ஒரு வருஷம்கூட ஆகல்ல. போட்ட கராஜில கேட்டா “கலிப்பர் முடிஞ்சி, மாத்துங்க” எண்டாங்க. 2020இல வாகன இறக்குமதி நிண்ட பிறகு பாவிச்ச சாமான் என்ன விலைக்கு ஏறினது எண்டு உங்களுக்கே தெரியும். வீட்டு முற்றத்திலேயே கழற்றினன்.

கலிப்பர் நகர்ந்து ஓடுற சிலைட் பின் ரெண்டும் லேசா ஓடுது. பேட்டைத் தள்ளுற பிஸ்டனில ஒரு புள்ளித் துருவும் இல்ல. சீலும் புதுசு. அப்ப எங்க இறுகுது? மூங்கில் சீவல் ஒண்டால சீலைக் கிளப்பி எடுத்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடிச்சுப் பார்த்தன். சீல் இருக்கிற காடியில, அந்த வளையப் பள்ளத்தின் அடியில, சுத்திவர சுண்ணாம்பு மாதிரி ஒரு படை. நகத்தால சுரண்டினா அசையல்ல.

மிதிக்கிற நேரம் குறுக்கு வெட்டில சதுரமான அந்தச் சீல் கொஞ்சம் முறுகி, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை இழுத்துக்கொள்ளும். பின்னால படை பிடிச்சா சீலுக்கு முறுக இடமில்ல, பிஸ்டனை நெரிச்சுக்கொண்டு நிக்கும். புதுக் கிட் போட்டவங்க காடியைப் பார்க்கவே இல்ல. சைக்கிள் கம்பி ஒண்டை வளைச்சு, மெதுவா மெதுவா முழுதையும் எடுத்தன். புதுச் சீல் போட்டு, புது பிரேக் ஒயில் தடவி வச்சா, ரெண்டு பெருவிரலால அமத்தவே பிஸ்டன் உள்ளே போகுது!

இண்டைக்கும் மனசு ஆறல்ல. இறுகின அந்தக் கலிப்பரோடதான் பதுளையிலிருந்து லுணுகலை இறக்கம் முழுக்கப் பிள்ளைகளை ஏத்திக்கொண்டு வந்தன்.

காத்தான்குடியிலிருந்து:

பிஸ்டனை எப்படி வெளியில எடுத்தீங்க எண்டு எழுதல்லையே நானா. அதுதான் முக்கியம்.

எங்கட மச்சான் ரயர் கடையில காத்து அடிச்சு எடுத்தார். எதிரில பலகைத் துண்டு ஒண்டு வச்சிருந்தார். முதல்ல ஒண்டும் அசையல்ல. பலகை சரிஞ்சிருக்கு எண்டு விரலை விட்டு நேராக்கினார், கையை எடுத்தார், அடுத்த கணம் வெடிச்சாப்போல சத்தம். பலகை ரெண்டாப் பிளந்து கிடக்கு. விரல் இருந்த அதே இடம். எனக்கு இப்பவும் கம்பிரஷர் சத்தம் கேட்டா அந்தப் பலகைதான் கண்ணில வரும்.

ஹோஸைக் கழற்ற முதலே, ஆரையாவது மிதியை மெல்ல மெல்ல மிதிக்கச் சொல்லுங்க. பிஸ்டன் தானா வெளியில வரும். காத்து வேணாம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்டு சொல்லவேணும்.

கல்லடித் தம்பி, இரும்புக் கம்பியால காடியைச் சுரண்டுறது சரியில்ல. காடியின் விளிம்பில கீறல் விழுந்தா அந்த இடத்தால ஒயில் கசியும். பித்தளைத் தூரிகை, இல்லாட்டி நீங்க சீல் கிளப்பின மூங்கிலே போதும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். காத்தான்குடித் தம்பி, மிதிச்சு எடுக்கிறது நல்ல முறைதான், ஆனா ஒரு பக்கம் ஒரு பிஸ்டன் உள்ள கலிப்பருக்கு. ரெண்டு பிஸ்டன் உள்ளதில லேசானது முதல்ல விழுந்திரும், ஒயில் அதால கொட்டும், இறுகினது அப்படியே நிக்கும். லேசானதைக் கிளாம்ப் போட்டுப் பிடிச்சுக்கொண்டு மற்றதைத் தள்ளவேணும்.

நான் கண்டது சின்ன விஷயம். பக்கத்து வீட்டுப் பொடியன் சீலை எல்லாம் மண்ணெண்ணெயில கழுவி வெயிலில வச்சான். பின்னேரம் பார்த்தா சீல் ஊதி, காடிக்குள்ள போகவே மறுக்குது. அவ்வளவுதான் கதை. ஆனா இதில கன பேர் பிழை விடுறதால எழுதுறன். பிரேக் றப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில், சில்லு பெயரிங்குக்குப் போடுற கிறீஸ், ஒண்டும் படக்கூடாது. றப்பரைக் கழுவப் புது பிரேக் ஒயில், இரும்புக்குப் பிரேக் கிளீனர். சிலைட் பின்னுக்குச் சிலிக்கன் கிறீஸ். அதையும் கொஞ்சம்தான், அடைச்சு வச்சா காத்து வெளியேற வழியில்லாம சிலைட் பின் வெளியில தள்ளிக்கொண்டு வரும். சில கார்களில ஒரு பின்னில மட்டும் றப்பர் உறை இருக்கும், மேல் கீழ் மாறாம அடையாளம் வச்சுக் கழற்றுங்க. கலிப்பரை ஹோஸில தொங்க விடவேணாம், ஒரு கயித்தால ஸ்பிரிங்கில கட்டுங்க. பேட் தூசியை வாயால ஊதவேணாம். பழைய பேட்டில கல்நார் இருந்திருக்கலாம்.

ஒயிலையும் மாத்துங்க. டொட் 3 ரகப் பிரேக் ஒயில் புதுசா இருக்கையில கொதிநிலை குறைஞ்சது 205 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சினா 140 வரைக்கும் இறங்கும். வாவியும் கடலும் ரெண்டு பக்கமும் இருக்கிற நம்மட ஊரில, மூடி திறந்து வச்ச போத்தல் எல்லாம் ஒதுக்கவேண்டிய ஒயில். லுணுகலை இறக்கத்தில இறுகின கலிப்பரும் பழைய ஒயிலும் சேர்ந்திருந்தா, ஒயில் கொதிச்சு ஆவியாகி, மிதி அடிவரைக்கும் போயிருக்கும். தம்பிக்கு மனசு ஆறாதது நியாயம்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து:

முன்பக்கம் மட்டும்தான் பேசுறீங்க. எங்கட கார் பின்னாலயும் டிஸ்க், ஹேண்ட்பிரேக் கலிப்பருக்குள்ளதான் இருக்கு. வாப்பாட கார். கராஜில சி கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை அமத்திக்கொண்டு நிண்டாங்க. நான் பக்கத்தில நிண்டு பார்க்கிறன், கிளாம்ப் வளையுது, பிஸ்டன் அசையல்ல. “காக்கா, அது திருகித்தான் போகும்” எண்டன். “நீ எனக்குப் படிப்பிக்காத” எண்டார் கராஜ்காரர். இன்னும் ஒரு சுத்து இறுக்கினார், உள்ளே ஏதோ நொறுங்கின சத்தம். அண்டையில இருந்து ஹேண்ட்பிரேக் அந்தப் பக்கம் பிடிக்கல்ல. வாப்பா பேசாம நிண்டார், காசைக் குடுத்தார், வந்தம். அவர் பேசாம நிண்டதுதான் எனக்கு இன்னும்.

பிஸ்டன் முகத்தில வெட்டுக் காடி இருந்தா அமத்தவேணாம், சாவியால திருகி உள்ளே அனுப்புங்க.

காத்தான்குடியிலிருந்து:

களுவாஞ்சிகுடி அண்ணன், எங்கட காரும் ஒரு பிஸ்டன்தான், அதை வச்சுத்தான் சொன்னன். ரெண்டு பிஸ்டன் உள்ள வான்காரங்க நீங்க சொன்னபடி செய்யட்டும். காத்து அடிக்காதீங்க எண்ட என்ட சொல்லில மாற்றமில்ல.

திருக்கோவிலிலிருந்து:

எயர் எடுக்கிற நிப்பிள் உடையாம கழண்டவங்க இருக்கீங்களா? கடற்கரையில இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு, கார் வெளியிலதான் நிக்கும். ரெண்டு நாள் துரு இளக்குற ஒயில் விட்டு, ஆறு மூலை சொக்கட் போட்டு, மெல்ல இறுக்கிப் பிறகு இளக்கினன். துளி அசைவும் இல்லாம “டிக்” எண்டு தலை மட்டும் கையோட வந்திச்சு. நிப்பிள் உடல் உள்ளே.

கல்லடியிலிருந்து:

திருக்கோவில் தம்பி, கலிப்பரை ஹோஸோட வச்சுக்கொண்டு மேல முயற்சிக்கவேணாம். சீல், றப்பர் எல்லாம் கழற்றி எடுத்திட்டு, வெறும் வார்ப்பைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டு போங்க. நடுவில துளைச்சு எடுப்பாங்க, நிப்பிள் நுனி அமருற உள் இருக்கை பழுதாகாட்டி புது நிப்பிள் பிடிக்கும். பிரேக் கிளீனர் அடிச்ச இரும்பை வெல்டிங் வைக்க விடாதீங்க. சில கிளீனரில குளோரின் இருக்கு, அந்தப் புகை நஞ்சு.

களுவாஞ்சிகுடி அண்ணன், கம்பி விஷயம் ஏத்துக்கொள்ளுறன், வலப்பக்கம் மூங்கிலால செய்யிறன். அக்கரைப்பற்றுத் தம்பி, பின் கலிப்பருக்குத் திருகுற சாவி எங்க எடுத்தீங்க? கல்முனையில கிடைக்குமா, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் சொல்லி விடவேணுமா?