புதுப்பிப்பு: விறகடுப்புச் சூடு மாடிக்கு ஏறும் பிரச்சினை

கீழக்கரையில் எங்கள் மாடி வீட்டில், கீழே கருவேல விறகு எரிகிற அடுப்பின் சூடெல்லாம் படிக்கட்டு வழியாக ஏறி மேலே அம்மாவைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன், இப்போது தீர்ந்துவிட்டது. முதலில் மாடி அறையில் எக்சாஸ்ட் ஃபேன் போட்டது பெரிய தப்பு, அது சமையலறைச் சூட்டையே படி வழியாக மேலே இழுத்தது. அப்புறம் படிக்கட்டின் அடியில் ஒரு கதவு, அடுக்களைச் சுவரில் கூரையை ஒட்டி வடக்குப் பக்கம் ஒரு திறப்பு, தெற்கே தாழ்வான ஜன்னல், அவ்வளவுதான். சூடான காற்று லேசானது, மேலே வழி கிடைத்தால் போய்விடும், ஆனால் கீழே குளிர்ந்த காற்று நுழைய இடம் வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் இன்னும் நன்றாக இழுக்கிறது.

கொடைக்கானலில் இருந்து ஒரு தம்பி, மாடிக்குச் சூடு வரவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தார். படிக்கதவைத் திறந்து வையுங்கள், மேலே தரையோடு ஒரு சின்ன ஃபேனை வைத்து குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளுங்கள், அதன் இடத்துக்குச் சூடு தானாக ஏறும். தணல் இருக்கும்போது மட்டும் எல்லா ஜன்னலையும் சாத்தாதீர்கள், தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.