ஒப்பந்த வேலை நிரந்தர வேலையைவிட மேலானதா?

சிறுசேரிவாசி:
மென்பொருள் துறையில் இருப்பவர்கள் ஒப்பந்த வேலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் நிரந்தர ஊழியர் ஒருவர் விலக விரும்பினால் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் அவரை அனுப்ப நினைத்தாலோ ஒரே பிற்பகலில் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வாங்கிவிடுகிறது. இதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? எனக்கோ ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடியும் என்பது முதல் நாளே தெரியும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சந்தை நிலவரப்படி ஊதியம் பேச முடிகிறது. ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் போடும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரியிலும் நன்மை உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு என்று அறியப்பட்ட ஏற்பாட்டில் வரும் தொழில்முறை ஆலோசகர், ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம்.

அம்பத்தூரான்:
நீங்கள் சொல்வது பேரம் பேசும் வலிமை உள்ளவரின் அனுபவம். அம்பத்தூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒப்பந்ததாரர் வழியாக வரும் தொழிலாளி ஊதியம் பேசுவதில்லை. ஒப்பந்ததாரர் சொல்வதுதான் ஊதியம். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அந்த 480ஐ எட்டவிடாமல் இடையில் சில வாரம் நிறுத்தி வைப்பதும், ஒப்பந்ததாரரின் பெயரை மாற்றி அதே ஆளை அதே இயந்திரத்தின் முன் புதியவராக நிறுத்துவதும், பயிற்சியாளர் என்று பெயர் சூட்டுவதும் தொழிற்பேட்டைகளில் எல்லோரும் அறிந்த வழிகள். ஒப்பந்த முறை தொழிலாளிக்கு அத்தனை நன்மை தருவதாக இருந்தால், இவ்வளவு முயற்சி செய்து அவரை நிரந்தரத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டிய தேவை நிறுவனத்துக்கு ஏன் வருகிறது?

கணக்காளர் நங்கை:
சிறுசேரிவாசி அவர்களின் வரிக் கணக்கைச் சற்று நிரப்புகிறேன். மாத அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் பெறும் நிரந்தர ஊழியருக்கு, முழு அடிப்படை ஊதியத்தின் மீது 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதி செலுத்தும் நிறுவனம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் தன் பங்காகத் தருகிறது. பணிக்கொடை (கிராஜுவிட்டி), மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 28,800 ரூபாய் சேர்கிறது. ஆக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இதோடு குடும்ப மருத்துவக் காப்பீடு, ஊதியத்துடன் விடுப்பு, ஒப்பந்தங்களுக்கு நடுவே வருமானமில்லாமல் போகும் மாதங்கள் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ஒப்பந்தத் தொகையைக் கேட்க வேண்டும். பலர் கையில் வரும் தொகையை மட்டும் ஒப்பிட்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். இன்னொன்று: ஒரே நிறுவனத்தில், அவர்கள் வகுத்த நேரத்தில், அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்பவரை ஆலோசகர் என்று ஏற்க வருமான வரித் துறை மறுத்து, முழுத் தொகையையும் சம்பளமாகக் கருத இடமுண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படும்.

சிறுசேரிவாசி:
நங்கை அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. அந்தத் தொகையையும் சேர்த்தே நான் கேட்கிறேன், கிடைக்கவும் செய்கிறது. அம்பத்தூரான் அண்ணன் சொல்லும் ஒப்பந்ததாரர் முறையையும் குறித்த கால வேலையையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது என்பதே என் வேண்டுகோள். 2018இல் மத்திய அரசு எல்லாத் தொழில்களுக்கும் விரிவுபடுத்திய குறித்த கால வேலையில், ஊழியரை இடைத்தரகரின்றி நிறுவனமே எடுக்கிறது. நிரந்தர ஊழியருக்குள்ள ஊதியமும் சலுகைகளும் அவருக்கும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி அவர் ஓராண்டு பணி செய்தாலே பணிக்கொடை பெறுவார். நிரந்தர ஊழியரோ ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறும் இளைஞருக்கு எது லாபம்?

அம்பத்தூரான்:
ஏட்டில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடும் கிடையாது. ஆகவே சங்கத்தில் சேர்ந்தவரையும் கேள்வி கேட்டவரையும் காரணம் சொல்லாமலே வெளியேற்றிவிட முடியும். தனியாரை விடுங்கள், அரசைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கற்பிக்கும் ஓவியமும் உடற்கல்வியும் சில மாதங்களில் முடிந்துவிடும் திட்டப் பணிகளா? சமமான வேலைக்குச் சமமான ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் அரசின் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்றே தெரியாத ஒருவர், தன் முதலாளி மீது எப்படி வழக்குத் தொடுப்பார்? தம்பி, உங்கள் திறமைக்கு இன்று சந்தையில் கிராக்கி இருக்கிறது. அது குறையும் நாளில் உங்களுக்குப் பேச யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

கணக்காளர் நங்கை:
இருவரும் தொடாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று 2017இல் உயர்த்தப்பட்டது. முந்தைய 12 மாதங்களில் 80 நாள் பணி செய்திருந்தால் போதும். டெல்லியில் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துவிட்டாலும் அந்தப் பலனை முழுமையாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆனால் அவர் ஒப்பந்த ஊழியர். மாதந்தோறும் இன்வாய்ஸ் அனுப்பிக் கட்டணம் பெறும் ஆலோசகர்களுக்கு முதலாளி என்று ஒருவரே இல்லாததால் இந்த வாரங்களில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது. என்னிடம் வரும் பெண்கள் பலர் 44ஏடிஏ பற்றி முழுமையாகத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். இதை நான் சொல்லும்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள். கையெழுத்திடும் முன் நீங்கள் ஊழியரா, ஆலோசகரா என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே படித்துப் பாருங்கள். ஆலோசகர் என்றிருந்தால், அந்த ஆறு மாத ஊதியத்தையும் உங்கள் தொகைக்குள் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் குறித்த கால ஊழியராகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.