புதுப்பிப்பு: அண்ணனின் குடி, சிறிய ஊரில் சிகிச்சை

போன மாதம் எழுதியிருந்தேன்: அண்ணன் குடியை விட நினைக்கிறான், எங்கள் சின்ன ஊரில் மறுவாழ்வு மையம் கிடையாது, வீட்டிலேயே நிறுத்திவிடலாமா என்று. "தினமும் குடிப்பவரைச் சட்டென்று நிறுத்த விடாதீர்கள்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அதைப் படிப்பதற்குள் அண்ணன் நிறுத்திவிட்டிருந்தான்.

மறுநாள் காலை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் பாதித் தண்ணீர் சட்டையில்தான். சட்டை ஏற்கெனவே வியர்வையில் நனைந்திருந்தது. உடனே பொது மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் கடும் மனக்குழப்பம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். டயஸெபம் (நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்து), தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து 5 நாள் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கு மறுவாழ்வு மையம்தான் வேண்டும் என்று நான் நினைத்தது தவறு.

அப்புறம் கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு நால்ட்ரெக்ஸோன் ஆரம்பித்தார்கள். குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரை இது. ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) எடுப்பவர்களுக்கு இது ஆகாது. போதையைச் சட்டென்று நிறுத்தினால் வரும் உடல் தொல்லைகளை (விலகல் அறிகுறிகள்) கடுமையாகக் கிளப்பிவிடும். ஹெராயின் பழக்கம் உள்ள தம்பிக்காகக் கேட்டிருந்த அக்கா, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். தம்பிக்கு, ஹெராயின் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான ப்யூப்ரெனார்ஃபின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆலோசகர் வாரம் ஒருமுறை ஃபோனில் பேசுகிறார். நடுவில் ஒருநாள் அண்ணன் குடித்துவிட்டான். மறைக்காமல் அவனே வந்து சொன்னான். நாங்கள் திட்டவில்லை. அதன்பின் குடிக்காமல் இன்றோடு 19 நாள்.