12,000 ரூபாய்க்குள் வீட்டில் பாட்டுப் பதிய எதை முதலில் வாங்குவது?

சேரன்மாதேவி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாட்டு எழுதத் தொடங்கி, இப்போது பெரியவர்களுக்கும் எழுதுகிறேன். மெட்டும் நானேதான். கிதார் ஓரளவு வாசிப்பேன்.

செல்போனில் பதிந்து தோழிகளுக்கு அனுப்பினால், "பாட்டு நன்றாக இருக்கிறது, குளியலறையிலா பாடினாய்?" என்று கேட்கிறார்கள். காங்கிரீட் வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அறை, தரையெல்லாம் டைல்ஸ். பின்பக்கம் செங்கோட்டை ரயில் பாதை.

கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறது, 8 ஜிபி நினைவகம். விசாரித்த கடையில் கண்டன்சர் மைக்தான் ஸ்டுடியோ மைக், மற்றதெல்லாம் மேடைக்கு என்று சொல்லிவிட்டார்கள். இணையக் கடைகளில் மைக், ஸ்டாண்டு, வாய்க்காற்றைத் தடுக்கும் வலைத்திரை எல்லாம் ஒரே பெட்டியில் மலிவாக வருகிறது. அதை வாங்கலாமா? கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக் போதுமா? எந்த மென்பொருள்?

ரேடியோசெட் அண்ணாச்சி:

டீச்சர், அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். ஒரு பெட்டிக்குள் ஆறு பொருள் இருக்கிறது என்றால், எதற்கு எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கணக்கு டீச்சராகவும் இருப்பீர்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவன் நான். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கல்யாணக் கச்சேரி எல்லாவற்றுக்கும் மைக் வைத்திருக்கிறேன். வீட்டில் மகனுக்காக ஒரு பதிவு மூலையும் அமைத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் தோழிகள் குறை சொன்னது செல்போனை அல்ல, அறையை. நீங்கள் பாடியது சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி, ஒரு நொடியில் சிறு பங்கு தாமதித்து மைக்குக்குள் நுழைகிறது. லட்ச ரூபாய் மைக் வைத்தாலும் அதுவும் அதைத்தான் கேட்கும். இன்னும் தெளிவாகக் கேட்கும்!

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்றுகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மெத்தையைச் சாய்த்துவைத்து, செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதே சரணத்தைப் பாடுங்கள். பழைய பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு மைக் விலையைப் பார்க்கலாம்.

முதுகு காட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாட்டுக்கான மைக் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் கேட்கும். அதன் முன்னால் நீங்கள், உங்களுக்குப் பின்னால் சுவர். மெத்தை வேண்டியது அந்தச் சுவரில். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஸ்பாஞ்சை ஒட்டிவிட்டு எதிரொலி போகவில்லை என்று புலம்புகிறார்கள். முட்டை அட்டையும் வேண்டாம். பல்லி குடியிருக்கத்தான் உதவும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், சத்தத்தை உறிஞ்ச அது மெல்லியது. பஞ்சு மெத்தை, கனத்த ஜமுக்காளத்தை நாலாக மடித்தது, இவைதான் வேலைக்கு ஆகும்.

இனி மைக். கண்டன்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். உங்கள் வீட்டில் அந்த மெல்லிய சத்தம் என்ன? மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர், ரயில். டைனமிக் மைக்கில் காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் அசைகிறது, அவ்வளவுதான். அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம். நாலு விரல் தூரத்தில் பாடினால் உங்கள் குரல்தான் மேலே நிற்கும், அறை பின்னால் போய்விடும். ஷூர் எஸ்எம் 58 என்ற டைனமிக் மைக் 1966இல் வந்தது, இன்றும் மேடையில் நிற்கிறது. அதை வாங்கினால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். பெரிங்கர் எக்ஸ்எம் 8500 போன்ற விலை குறைந்த டைனமிக் இப்போதைக்குப் போதும்.

யூஎஸ்பி மைக் வேண்டாம் என்பேன். நாளைக்குக் கிதாரைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் ஒரே நேரத்தில் பதிய நினைத்தால் வழி இருக்காது. சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் கிதாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி ஒன்று வாங்குங்கள். மைக்குக்கு ஒரு துளை, கிதாருக்கு ஒரு துளை இருந்தால் போதும். மிச்சத்தில் காதை முழுக்க மூடும் ஹெட்போன். ப்ளூடூத் ஹெட்போனைத் தொடவே தொடாதீர்கள், நீங்கள் பாடுவது உங்கள் காதுக்குப் பிந்தி வரும்.

பாளை மாணவன்:

அக்கா, எதுவும் வாங்காமல் பேண்ட்லேப் செயலியில் தொடங்குங்கள். இலவசம், செல்போனிலும் கணினி உலாவியிலும் ஓடும். கிதாரை ஒரு தடத்திலும் குரலை இன்னொரு தடத்திலும் பதியலாம். செல்போனுடன் வந்த கம்பி வைத்த இயர்போன் போதும். ஹாஸ்டலில் போர்வைக்குள் புகுந்துதான் நான் பாடுகிறேன். வியர்த்துக் கொட்டும், ஆனால் எதிரொலி இருக்காது.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி சொன்ன அறை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மைக் விஷயத்தில் முழுக்க ஒப்பமாட்டேன். டீச்சர் மேடைப் பாடகி போல் உரக்கப் பாடுகிறவரா, தாலாட்டுப் போல் மெல்லப் பாடுகிறவரா? மெல்லப் பாடுகிறவர் என்றால், டைனமிக் மைக்கின் சத்தம் போதாமல் விலை குறைந்த இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக் சத்தத்தை ஏற்றும் திருகை, கடைசிவரை திருகவேண்டி வரும். அப்போது பின்னால் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். கிதாரின் கம்பி ஓசைக்கும் கண்டன்சர்தான் பொருத்தம். நான் ஆடியோ டெக்னிகா ஏடி 2020 வைத்திருக்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊர் அடங்கிய பிறகு பதிகிறேன்.

ஒன்று மட்டும் கவனம்: சாரல் மாதங்களில் காற்றில் ஈரம் ஏறினால் கண்டன்சர் பொரிவது போல் சத்தம் எழுப்பும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். 

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய கணினியிலும் திணறாது. வெட்டி ஒட்ட மட்டும் என்றால் ஆடாசிட்டி இலவசம். கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில்தான் ஓடும், உங்களுக்கு உதவாது.

ரேடியோசெட் அண்ணாச்சி:

மெல்லப் பாடுகிறவருக்குக் கண்டன்சர் என்பது நியாயம். ஊர் அடங்கிய பிறகு பதியலாம் என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பங்குனியிலும் சித்திரையிலும் ஆடியிலும் எந்த ஊர் அடங்குகிறது? அப்போது விடிய விடியக் கேட்கும் குழாய்ச் சத்தம் அனேகமாக என்னுடையதாகத்தான் இருக்கும், டீச்சர் மன்னிக்க வேண்டும்.

கிதாருக்கு மைக் வைக்கும்போது நடு ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள். வில்லுப்பாட்டில் குடத்தின் வாய்க்கு நேராக மைக் வைத்தால் 'தொம் தொம்' மட்டும் வரும், வில்லின் மணி காணாமல் போகும். கொஞ்சம் விலக்கித் திருப்பினால்தான் குடத்தின் மண்ணோசை கேட்கும். கிதாரிலும் அப்படித்தான். பன்னிரண்டாவது கட்டைக்கு (ஃப்ரெட்) நேராக, ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பிறகு விரற்கடை விரற்கடையாக நகர்த்திக் கேளுங்கள்.

மென்பொருளில் ஒலி அளவு பார்க்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். மென்பொருளில் 24 பிட் என்ற தரத்தைத் தேர்ந்து பதிந்தால் சத்தம் குறைவாக இருப்பதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பில் போய்ச் சிதறியதை எந்த மென்பொருளும் முழுசாக நேராக்காது.

சேரன்மாதேவி டீச்சர்:

பீரோ சோதனையைச் செய்துவிட்டேன். மாமியார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு பதிவையும் போட்டுக் காட்டியதும், "இதுதான் உன் குரல்" என்று அவர்களே இரண்டாவதைக் காட்டினார்கள். நான் மெல்லத்தான் பாடுவேன். ஆனால் இரவில் கைக்குழந்தை தூங்கும், பகலில்தான் பதிய முடியும். ஆகவே அண்ணாச்சி சொன்னபடி டைனமிக், இன்டர்ஃபேஸ், ஹெட்போன் என்று முடிவு செய்கிறேன்.

இரண்டு சந்தேகம். தம்பியின் பழைய இன்டர்ஃபேஸை இரவல் வாங்கிப் பார்த்தேன். பாடியது ஹெட்போனில் எதிரொலி போல் பிந்தி வந்தது. சார்ஜர் செருகினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் சேர்கிறது. இன்னொன்று, மாமாவிடம் கரோக்கி மைக் ஒன்று இருக்கிறது, ஒரு பெரிய பின் வைத்த வயரோடு. அதைப் பயன்படுத்தலாமா?

தென்காசிச் சாரல்:

பகலில்தான் என்றால் டைனமிக்தான், நான் தோற்றேன். பிந்தி வருவதற்கு மருந்து: இன்டர்ஃபேஸ் நிறுவனமே கொடுக்கும் ஏஎஸ்ஐஓ (ASIO) டிரைவரைப் போடுங்கள், ஒலி தாமதத்தைக் குறைக்கும் சிறு மென்பொருள் அது. அது இல்லையென்றால் ASIO4ALL என்ற பொது டிரைவர் இலவசமாகக் கிடைக்கும். பிறகு பஃபர் என்ற அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் பஃபர் 1024 என்றால் ஏறத்தாழ 23 மில்லி நொடி. அது போக வர இரண்டு முறை சேரும்போது பாட முடியாது. 256 என்றால் ஒரு வழிக்கு 6 மில்லி நொடிதான். பதியும்போது 256 அல்லது 128, பதிந்த தடங்களைக் கலவை செய்யும்போது திரும்ப 1024. கணினி திணறிச் 'சடசட' என்றால் ஒரு படி ஏற்றுங்கள். குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ரேடியோசெட் அண்ணாச்சி:

முனகலுக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பதியாதீர்கள்.

மாமாவின் மைக்கைத் தூக்கிப் போட வேண்டாம். கோளாறு வயரில். அந்தப் பெரிய பின்னைக் கிதார்த் துளையில் செருகினால் சத்தம் ஈனமாகத்தான் வரும். மைக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயர் கழன்று வந்து மூன்று ஊசி தெரிந்தால், இரண்டு முனையிலும் மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் வயர் ஒன்று மட்டும் வாங்கி, மைக் துளையில் செருகிப் பாடிப் பாருங்கள். நன்றாக இருந்தால் மைக் காசு மிச்சம், அதை ஹெட்போனில் போடுங்கள். வயர் மைக்கோடு சேர்த்தே ஒட்டியிருந்தால் அது மாமாவிடமே இருக்கட்டும். வரும் வெள்ளிக்கிழமை வீரவநல்லூரில் செட் கட்டுகிறேன். மாமாவை மைக்கோடு வரச் சொல்லுங்கள், என் வயரில் போட்டுப் பார்த்துவிடலாம்.