ரெட்டிகுலேட்டட் பைத்தான் (ஒரு வகை பெரிய மலைப்பாம்பு) வளர்ப்பவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம். ஹூஸ்டனில் இருக்கேன். ரெட்டிகுலேட்டட் பைத்தான் குட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கேன். முதலில் கூண்டு, அப்புறம்தான் பாம்பு. பெண் பாம்பு 15 அடியைத் தாண்டுவது சகஜம் என்பதால் 8 அடி நீளம், 3 அடி அகலத்தில் கூண்டு செய்யச் சொல்லப் போறேன். டெக்சாஸில் இந்த இனத்துக்கு பெர்மிட் வேண்டும், அதை நான் பார்த்துக்கறேன்.

பிளைவுட்டா, பிவிசியா? ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்தால் பிளைவுட் ஊறிவிடாதா?

என் பெரிய கவலை கரண்ட். சூடான மூலையில் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கணும். அதற்கு தெர்மோஸ்டாட்டோடு ஹீட் பேனல் போடறேன். ஆனால் 2021 பிப்ரவரி பனிப்புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் போனால்? அப்போது இங்கே பாம்பு வைத்திருந்தவர்கள் எப்படிச் சமாளிச்சீங்க? ஜெனரேட்டர் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்க.

கையாளும் முன் கொக்கியால் உடம்பை லேசாகத் தொட்டுப் பழக்கினால், இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று அதுக்குப் புரியுமாம். குட்டியிலிருந்தே ஆரம்பிக்கணுமா? பெரிதானபின் தனியாகக் கையாளக்கூடாது என்பது தெரியும். மச்சான் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கான், பார்ப்போம்.

வீட்டம்மா சம்மதம் கிடைச்சாச்சு. ஒரே கண்டிஷன்: உறைந்த எலி, முயலுக்குத் தனி ஃப்ரீசர், அதுவும் கராஜில். எத்தனை கன அடி போதும்?

பக்கத்தில் பெரிய பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவர் தெரிந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்க.