மறுமொழி: ‘நகர்வு’ வேண்டாம், ‘பிசகு’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

வயது ஏற ஏறக் கலத்துக்குள் பரம்பரையலகுகளை அடக்கியும் திறந்தும் வைக்கும் ஒழுங்கு தடுமாறுகிறதே, அந்த ‘எபிஜெனெட்டிக் டிரிஃப்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இங்கே வந்த ‘நகர்வு’, ‘பிறழ்வு’, ‘துருசுக் கசிவு’ என்ற மூன்று சொற்களையும் கிளிநொச்சியில் என் உயர்தர உயிரியல் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் பரம்பரையலகுதான் உங்கள் மரபணு, கலம்தான் செல். அந்தச் சண்டையை இன்றைக்கு விடுவோம்.)

‘நகர்வு’ உடனே குழப்பியது. ஒரு குடித்தொகையில் பரம்பரையலகுகளின் விகிதம் தற்செயலாக மாறும் டிரிஃப்டையும் அப்படித்தானே சொல்கிறோம். ‘பிறழ்வு’ என்றால் பிள்ளைகள் டீஎன்ஏயின் எழுத்தே மாறும் விகாரத்தை (மியூட்டேஷன்) நினைக்கிறார்கள். இங்கே அந்த எழுத்து மாறுவதே இல்லை.

‘துருசுக் கசிவு’ எனக்கே ஆசையான சொல் (துருசு என்றால் குளத்து மதகு). இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்? மூடிக்கிடக்க வேண்டிய பரம்பரையலகு முதுமையில் மெல்லத் திறந்துகொள்வது பழைய துருசு ஒழுகுவது போலத்தான். ஆனால் அது பாதிக் கதை. பரம்பரையலகை அடக்கிவைக்க உதவும்படி டீஎன்ஏயில் ஒட்டியிருக்கும் மெதைல் என்ற வேதிக் குறிகள் வயதோடு மொத்தத்தில் குறைகின்றன; அதேவேளை சில பரம்பரையலகுகளின் வாசலில் கூடிக்கொண்டும் போகின்றன. ஒழுக்கும் அடைப்பும் சேர்ந்து வருவதைக் கசிவு என்றால் எப்படி?

என் முன்மொழிவு: மேல்மரபுப் பிசகு (எபிஜெனெட்டிக் என்பதற்கு மேல்மரபு).

அம்மா ஒருமுறை வயல் வரம்பில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தா. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் மணிக்கட்டை இரண்டு பெருவிரலாலும் தடவிப் பார்த்துவிட்டு, “எலும்பு முறியேல்லை, பிசகிக் கிடக்கு” என்றார். எனக்கு வேண்டிய வேறுபாடு அதுதான். விகாரம் முறிவு, இது இருந்த இடம் விலகுவது.

கலம் பிரியும்போது பழைய இழையின் குறியைப் பார்த்துப் புதிய இழையில் போடும் நொதியம் (என்சைம்) சிலவற்றைத் தவறவிடுகிறது. அது வருடக்கணக்கில் சேர்கிறது, ஆளுக்கு ஆள் வேறாக. 2005இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வில், 3 வயது ஒத்த இரட்டையரிடம் ஏறக்குறைய ஒன்றாயிருந்த குறிகள் 50 வயது இரட்டையரிடம் நன்றாகவே வேறுபட்டிருந்தன.

பிசகியதைத் திரும்ப இடத்தில் இருத்தலாம் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006இல் நான்கு புரதங்களின் பரம்பரையலகுகளைச் செலுத்தி எலியின் முதிர்ந்த கலங்களை முளைய (கரு) நிலைக்கு ஒத்த நிலைக்குத் திருப்பியபோது, குறிகளும் திருத்தி எழுதப்பட்டன. மனிதரின் முதுமைக்கு இது மருந்தாகிவிடவில்லை, அது வேறு.

‘பிசகு’ என்றால் குற்றம் என்று படாதா என்று இந்தக் குழுவில் ஓர் ஐயா கேட்டிருந்தார். கணக்குப் பிசகினால் படும்தான். ஆனால் கை பிசகியதற்கு அம்மாவை யாரும் ஏசவில்லையே!

இன்னொன்று. மெதைல் குறிகளைக் கொண்டு வயதை மதிப்பிட ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ‘கடிகாரம்’ பார்க்கும் 353 இடங்களை இதற்குள் அடைக்க வேண்டாம். அவை எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே போக்கில் மாறுகின்றன. பிசகுக்கு அப்படியொரு போக்கு இல்லை. அந்தக் கடிகார மாற்றத்துக்குத் தனிச்சொல் தேடுவோம்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்காமலே கொப்பியில் ‘பிசகிய கலம்’ என்று எழுதியிருக்கிறாள். ‘நகர்ந்த கலம்’ என்றால் அந்தப் பொருள் வருமா, சொல்லுங்கள்.