பார்டர் கோலி நாய் வளர்க்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க
எங்க மணிக்கு 14 மாசம். பார்டர் கோலி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்பக்கம் ஆடு மேய்க்கப் பழக்கின இனம், கண்ணாலேயே மந்தையை மடக்கும். இங்கே ஆடு இல்லாததால என் 5 வயசு மகளை மடக்குறான். அவ ஓடினா போதும், தரையோட தரையா பதுங்கி, முறைச்சுப் பார்த்து, பாய்ஞ்சு போய்க் குதிகாலைக் கவ்வுறான். நேத்து பல் பட்டு சிவந்துடுச்சு. கோபத்துல கடிக்கல, அது பிறவிக் குணம்னு தெரியும். இருந்தாலும் பயமா இருக்கு.

விடிகாலை ஒரு மணி நேரம் நடக்க வைக்கிறோம், சாயங்காலம் பந்து. எறிய எறிய வேகம் கூடுதே தவிர அடங்க மாட்டேங்குறான். கோயம்புத்தூர் வெயில்ல, அந்த அடர்த்தியான முடியோட பகல்ல வெளியே கூட்டிட்டுப் போக மனசு வரல.

வீட்டுக்குள்ளேயே அவன் மூளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்? கவ்வுறதை எப்படி நிறுத்தினீங்க? யாருக்காவது கொடுத்துடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாப்பா தூங்குறப்போ கட்டிலுக்குக் கீழே காவலா படுத்திருக்கிறவன் அவன்.